மொட்டு விட்ட வீடு

பத்து நாள் காரில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்து வந்து இறங்கியவளுக்கு வேண்டியது ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு நாற்காலியும்தான். எனக்குக் கிடைத்தது மொட்டு. கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் மூன்று இட்லிப்பூச் செடியிலும் கொத்துக் கொத்தாக, தீக்குச்சி முனை மாதிரி சிவப்பாக விட்டிருந்தது. பெட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

ஊரிலிருந்து திரும்பி வந்து, தோட்டம் மொட்டு விட்டிருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட மனிதர்கள் ஒரு காலத்தில் இருந்தார்களாம். கோயம்புத்தூரில் நாங்கள் அந்தப் பாக்கியத்தை இழந்து ஆறு வருடமாகிறது. ஊமைச்சளி வந்ததிலிருந்து. அது இருமாது, காய்ச்சல் காட்டாது. ஒரு வருடம் நெஞ்சுக்குள் சத்தமில்லாமல் குடியிருந்துவிட்டு ஒரே வாரத்தில் ஆளை முடித்துவிடும். ரத்தத்தில் தெரியாது, படம் எடுத்தாலும் தெரியாது. வெளியே விடும் மூச்சில் மட்டும் ஒரு வாடை இருக்கும், அதுவும் நம் மூக்குக்கு எட்டாது. எந்தக் கெட்டிக்காரர்களோ உட்கார்ந்து யோசித்து, சாதாரண இட்லிப்பூச் செடியை அந்த வாடைக்கு மட்டும் மொட்டு விடுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். வெயிலுக்கும் மழைக்கும் உரத்துக்கும் அது அசையாது. நோய் உள்ளவர் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் போதும், சரியாக ஒன்பதாம் நாள் மொட்டு வந்துவிடும். வீட்டுக்கு மூன்று செடி, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி வாசலில் வைக்க வேண்டும் என்பது சட்டம். எல்லாரும் மூச்சுச்செடி என்கிறோம்.

மொட்டு விட்ட வீட்டில் என்ன நடக்கும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். வேன் வரும். நாற்பது நாள் நகருக்கு வெளியே உள்ள காப்பு இல்லத்தில் வைத்து மருந்து கொடுப்பார்கள். மருந்து நல்ல மருந்துதான், போனவர்கள் பிழைத்துத் திரும்பினார்கள். ஆனால் திரும்பி வந்த வீட்டில் அதற்கப்புறம் யாரும் காபி குடிப்பதில்லை. எங்கள் ஒரே மகள் தாரணியின் கல்யாணத்துக்கு அன்றைக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. நாலு வருடமாக வேண்டாம் வேண்டாம் என்று எங்களை அலையவிட்டவள், கோபியில் ஒரு நல்ல பையனைப் பார்த்து இப்போதுதான் சரி என்று சொல்லியிருந்தாள். அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கத்தான் நாங்கள் பத்து நாள் ஊர் ஊராகச் சுற்றி, நாற்பத்து மூன்று வீடு ஏறி இறங்கி வந்திருந்தோம்.

என் கணவர் மயில்சாமி மொட்டைப் பார்த்ததும் செய்த முதல் காரியம், காரிலிருந்து தன் அழுக்கு லுங்கியை எடுத்துச் செடிகள் மேல் விரித்ததுதான். நீல லுங்கி. பட்டப்பகல் மூன்று மணிக்கு வாசலில் கொடி ஏற்றின மாதிரி இருந்தது. தெருவில் இதுவரை திரும்பிப் பார்க்காதவனும் இனிமேல் திரும்பிப் பார்ப்பான் என்று சொன்னேன். அதற்கு அவர், துணி காயப்போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். மக்குப் பிள்ளைகளிடம் காட்டிய பொறுமையை எல்லாம் சேர்த்துவைத்து இந்த மனிதரிடம் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

கிள்ளிப்போடலாம் என்று அடுத்த யோசனை சொன்னார். கிள்ளினால் மூன்று நாளில் இரண்டு மடங்காக வரும், கிள்ளின தழும்பைப் பார்த்தால் தண்டனை வேறு. இதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. தெரிந்துகொண்டே கேட்பதுதான் அவர் வழக்கம்.

அரை மணி நேரத்தில் ஈஸ்வரி சாவியைக் கொண்டுவந்தாள். எட்டு வருடமாக எங்கள் வீட்டில் காலை வேலை பார்ப்பவள். எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீட்டிலும் வேலை செய்கிறாள். நாங்கள் ஊருக்குப் போனால் அவளிடம்தான் சாவி. செடிக்குத் தண்ணீர் விட்டு, வீட்டைக் கூட்டி, ஒரு விளக்கை ஏற்றிவிட்டுப் போவாள். லுங்கியைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நேத்துக் காத்தாலதானுங்கக்கா பாத்தேன். போன் பண்ணலாம்னு எடுத்துட்டு வெச்சுட்டனுங்க. பத்திரிக்க வெக்கற எடத்துல உங்களுக்கு மனசு கெட்டுப் போகுமேன்னு."

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு, அவள் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தலைப்பிரசவத்துக்கு மகள் இவள் வீட்டுக்கு வந்திருந்தாள், எட்டு மாதம் முடிந்திருந்தது. கால் வீங்கியிருக்கிறது, அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்கிறாள் என்று சொல்லிவிட்டு ஈஸ்வரி போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை நானும் அவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் மெதுவாக, "பத்து நாளா இந்த வீட்டுல மூச்சு விட்டவ அவ ஒருத்திதான்" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாயால் கேட்கும்போது அசிங்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சியிலிருந்து அவருடைய சித்தி மகள் போன் செய்தாள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா, கல்யாண வேலை எப்படி நடக்கிறது என்றெல்லாம் சுற்றிவிட்டு, செடி கொடியெல்லாம் எப்படி இருக்கிறது என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு யார் சொன்னது? எதிர்வீட்டுக்காரிக்கும் பொள்ளாச்சிக்கும் என்ன தொடர்பு என்று மண்டையைக் குடைந்தேன். எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அவளும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றாள். கேட்காமலே சொன்னாள்.

புதன்கிழமை செடிக்காரர் வந்தார். மாதம் ஒருமுறை வந்து தெருவெல்லாம் செடி பார்த்துக் குறித்துக்கொண்டு போகிற ஆள். லோகநாதன் என்று பெயர், முப்பது வயது இருக்கும். கோபப்படவே தெரியாத மனிதர், அதுவே ஒரு கோபத்தைக் கிளப்பும். லுங்கியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு சின்ன அளவுகோலை எடுத்து மொட்டை அளந்தார்.

"ஞாயித்துக்கெழம வந்த மொட்டுங்கம்மா. ஒம்பது நாள் கழிச்சுப் பாத்தா, மூச்சு பட்டது அதுக்கு முந்தின வாரத்து வெள்ளிக்கெழமைங்க."

"அந்த வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கே நாங்க ஊருக்குக் கெளம்பிட்டோம்."

"ஆறு மணி வரைக்கும் இங்கதானுங்களே இருந்தீங்க."

ஒரு கணக்கு டீச்சரிடம் பேசுகிறோம் என்கிற பயமே அந்தப் பிள்ளைக்கு இல்லை. வியாழக்கிழமை நாள் முழுக்க நாங்கள் வீட்டில்தான் இருந்தோம், எங்களுக்கு நோய் என்றால் மொட்டு சனிக்கிழமையே வந்திருக்க வேண்டும் என்று மடக்கினேன். நோய் உடம்புக்குள் போய் மூன்று வாரம் கழித்துத்தான் மூச்சில் வாடை ஆரம்பிக்கும், அது எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றார். அப்புறம் படிவத்தை நீட்டினார். அதில் ஒரு பெயர் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் நாற்பது நாள் உள்ளே போக வேண்டும். எழுதினால் அந்த ஒருவர் மட்டும் போவார், மற்றவர்களுக்குப் புதுச் செடி தருவார்கள். யார் எழுதிக்கொடுத்தது என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

"வேற யாராச்சும் வந்து போனாங்களாங்கம்மா?"

என் கணவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதும் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வாயைத் திறக்கிறவர், அன்றைக்கு என்னைப் பேசவிட்டார். ஈஸ்வரியின் பெயரைச் சொன்னேன். அவளுக்கு நோய் இருந்தால் சீக்கிரம் தெரிவது அவளுக்குத்தானே நல்லது என்றும் சொன்னேன். எங்கே வைப்பார்கள் என்று கேட்டேன். நாலு பேருக்கு ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நல்ல கவனிப்பு என்றார். பிள்ளைத்தாய்ச்சி மகள் ஒன்றும் பயப்பட வேண்டாமா என்றதற்கு, இந்தச் சளி ஒரே அறையில் சேர்ந்து தூங்கினால்தான் ஒட்டும், மகளைத் தனியாகப் பார்த்துக்கொள்வோம் என்றார். அதற்கு அடுத்த கேள்வி ஒன்று இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை அதைக் கேட்காமல் விட்டிருந்தால் முட்டி போடச் சொல்லியிருப்பேன். நான் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஈஸ்வரி வீட்டு வாசலுக்கு வேன் வந்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகள் படியில் உட்கார்ந்து அழுதாளாம். மறுநாள் காலையில் எங்கள் தெருவில் மூன்று வீட்டிலும் வேறு வேலைக்காரிகள் வந்துவிட்டார்கள். என் வீட்டுப் பாத்திரத்தை நானே தேய்த்தேன். அதை ஒரு தண்டனையாக நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன் என்று இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன் மட்டும் நிற்கவில்லை. உடுமலையிலிருந்து என் அத்தை மருமகள், தாராபுரத்திலிருந்து இவருடைய நண்பர் மனைவி, கரூரிலிருந்து என் தம்பி பெண்டாட்டி. எல்லாரும் கல்யாணத்தில் ஆரம்பித்துச் செடியில் வந்து நின்றார்கள். உங்க பக்கமெல்லாம் இந்த வருஷம் எப்படி, மொட்டு கிட்டு ஒண்ணும் இல்லையே, வேலைக்காரங்கள எல்லாம் நம்ப முடியறதில்ல பாருங்க. நான் ஒவ்வொருத்தரிடமும் பொய் சொன்னேன். வைத்ததும் இவரிடம் சண்டை போட்டேன். நீங்கள்தான் யாரிடமோ உளறியிருக்கிறீர்கள், லுங்கியைப் போட்டு ஊரைக் கூட்டினது நீங்கள்தான் என்று கத்தினேன். அவர் தன் பங்குக்கு, உன் தம்பி பெண்டாட்டிக்கு எல்லார் வீட்டு அடுப்பும் தெரியும் என்றார். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் மண்டபத்துக்காரரிடமும் சமையல்காரரிடமும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்ப் பேசி, இரண்டு விதமான சாம்பார் சொல்லிவைத்துவிட்டு வந்தோம்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கோபியிலிருந்து சம்பந்தியம்மாள் அமுதவல்லி கூப்பிட்டாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் குரலில் ஒரு குழைவு இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. மறைச்சா நல்லா இருக்காதுன்னுதான் சொல்றேன். இன்னைக்குக் காத்தால எங்கூட்டுல மொட்டு விட்டிருச்சு. டிரைவரு பயல் தானுங்க. உடனே பேரு எழுதிக் குடுத்து அனுப்பிட்டோம். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க, கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பரவாயில்லை, எல்லார் வீட்டிலும் இருப்பதுதான் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். வைத்த பிறகு ஒரு நிமிடம் ஆசுவாசமாக இருந்தது. பிறகு விரல் தானாக எண்ண ஆரம்பித்தது. இன்றைக்குச் சனி. ஒன்பது நாள் பின்னால் போனால் வியாழன். அந்த வியாழக்கிழமை மத்தியானம் நாங்கள் கோபியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

பத்திரிகை வைத்த வீடுகளின் பட்டியலை எடுத்தேன். தேதி போட்டு நானேதான் எழுதியிருந்தேன். வெள்ளி பொள்ளாச்சி, சனி உடுமலை, ஞாயிறு தாராபுரம், திங்கள் காங்கேயம், செவ்வாய் கரூர். போன் வந்த கிழமைகளைப் பக்கத்தில் எழுதினேன். பொள்ளாச்சிக்காரி செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள், அவள் செடி ஞாயிற்றுக்கிழமையே மொட்டு விட்டிருக்க வேண்டும், இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். உடுமலைக்காரி, தாராபுரத்துக்காரி, கரூர்க்காரி எல்லாரும் அதே வரிசையில், ஒருநாள் இரண்டுநாள் தள்ளி. அவர்கள் யாரும் என் வீட்டுச் செடியைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கள் வீட்டு மொட்டை மறைத்துக்கொண்டு, இது ஊரெல்லாம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறார்கள். நானும் அதே பொய்யைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

காரில் போனது நாங்கள் இரண்டு பேர். எந்த வீட்டுக்கும் ஜோடியாகத்தான் போய்ப் பத்திரிகை வைப்போம், தாம்பூலத் தட்டை ஒரு பக்கம் அவர் பிடிக்க ஒரு பக்கம் நான் பிடிப்பேன். ஒரே ஒரு வீடு மட்டும் விதிவிலக்கு. காங்கேயத்தில் இவருடைய பெரியப்பா மகன் வீடு. கிணற்றுப் பங்குத் தகராறில் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பத்திரிகை வைக்காமல் விட்டால் ஊர் பேசும், உள்ளே போனால் இவர் மானம் போகும். அதனால் இவர் தெருக்கோடியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருக்க, நான் மட்டும் நடந்து போய் வைத்துவிட்டு வந்தேன். கணக்கை முடிக்க அந்த வீடு ஒன்று போதும். சாந்தா அக்காவுக்குப் போன் செய்தேன். அவள்தான் அந்தப் பெரியப்பா மகனின் மனைவி.

செடி எப்படி இருக்கிறது என்று நேராகவே கேட்டேன். நல்லா இருக்கு என்றாள். அக்கா, என் பிள்ளை கல்யாணத்து மேல சத்தியமாகக் கேட்கிறேன், நிஜத்தைச் சொல்லுங்கள் என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"புதங்கெழம விட்டிருச்சு கண்ணு. தோட்டத்துல மாடு பாக்கற ராமாத்தாளப் புடிச்சுக் குடுத்துட்டோம். நீ உங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லிப் போடாத, அவிங்க கேட்டா சிரிப்பாங்க."

புதனிலிருந்து ஒன்பது நாள் பின்னால் போனால் திங்கள். நான் நன்றி சொல்லி வைத்தேன். பட்டியலில் என் பெயரை எழுத வேண்டிய அவசியமே இல்லை, அந்தக் கையெழுத்தே என்னுடையதுதான். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தி எங்கே போனேன் என்று யோசித்தேன். பட்டுப்புடவை எடுத்த கடையில் இருநூறு பேர் இருந்தார்கள், அங்கே ஒட்டியிருக்காது. தையற்காரி வீட்டில் ஒரு மத்தியானம் தூங்கினேன். இனி அதைத் தோண்டி யார் பெயரை எழுதுவது?

இவரிடம் சொன்னேன். பேச்சு நின்று போயிருந்த மனிதர் வாயைத் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"பன்னெண்டு மணி நேரம் யோசிக்காம ஒண்ணும் பண்ணாத சுகன்யா. லோகநாதன் புதன்கிழமை குடுத்த புதுச்செடி வர்ற வெள்ளிக்கிழமைதான் மொட்டு விடும். நாம அன்னைக்குக் காலைலயே மண்டபத்துக்குப் போயிரலாம். ஞாயித்துக்கிழமை தாலி கட்டினதும் நானே உன்னையக் கூட்டிட்டுப் போறேன்."

"மண்டபத்து வாசல்லயும் செடி இருக்குதே?"

"அது மொட்டு விடறதுக்குள்ள மறுவீடே முடிஞ்சிரும்."

மூன்று நாள், எண்ணூறு பேர், ஏசி போட்ட கூடம், பெண் வீட்டாருக்கு ஒரே அறையில் ஜமுக்காளம் விரித்துப் படுக்கை. இந்த மனிதர் கெட்டவர் இல்லை. மகள் மேல் உயிர். அந்த உயிர்தான் இப்படிப் பேசவைத்தது. எனக்கும் ஒரு நொடி, இல்லை, ஒரு முழு நிமிடம், அது சரியென்றே பட்டது. அப்புறம்தான் புதன்கிழமை நான் கேட்காமல் விட்ட கேள்வி வந்து முன்னால் நின்றது. நோயே இல்லாத ஒருத்தியை, நோய் உள்ள மூன்று பேரோடு ஓர் அறையில் தூங்கவைத்தால் என்ன ஆகும்? ஈஸ்வரி உள்ளே போய் மூன்று இரவு முடிந்திருந்தது.

தாரணிக்கு பெங்களூருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கல்யாணம் தள்ளிப் போகும், ஒருவேளை நின்றே போகும் என்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஈஸ்வரியக்கா பெயரை எழுதும்போது அப்பா சொன்னாரா நீ சொன்னாயா என்றாள். நான்தான் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லோகநாதனுக்குச் சனிக்கிழமை விடுமுறையாம். வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். வாசலில் தள்ளி நின்று, பட்டியலை அவரிடம் நீட்டினேன். அவர் தன் கருவியில் ஒவ்வொரு வீடாகத் தட்டிப் பார்த்தார். இந்த வாரம் நாலு மாவட்டத்திலும் சேர்த்து ஒரே சமயத்தில் நிறையப் பேர் பிடிபட்டதை மேலே பாராட்டி எழுதியிருந்தார்களாம். பட்டியலில் இருந்த இருபத்தொன்பது வீட்டில் இதுவரை மொட்டு விட்டிருந்தது. இருபத்தாறு வீட்டிலிருந்து பெயர் வந்திருந்தது.

"சொந்தக்காரங்க எத்தன பேருங்க இதுல?" என்று கேட்டேன்.

அவர் மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தார். சமையல், டிரைவர், மாடு மேய்ப்பவர், வாட்ச்மேன், துணி தேய்ப்பவர். "அப்பிடி யாருமில்லீங்கம்மா" என்றார். முதல் முறையாக அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

எல்லாரையும் வெளியே விடுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் முடியாது என்று தலையாட்டினார். உள்ளே போனவர்களை நடுவில் வெளியே விட விதியில் இடமில்லை. அவர்கள் இப்போது நோயாளிகளோடு தூங்கி எழுந்தவர்கள், வெளியே விட்டால் அது பெரிய ஆபத்து. நாற்பது நாள் முடியத்தான் வேண்டும். நான் சண்டை போட்டேன். அவருடைய மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன், அவருக்கும் மேலே ஒருவரைக் கூப்பிடச் சொன்னேன். எல்லாரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். இனிமேல் வேன் அனுப்பாமல் நிறுத்துகிறோம் என்பது வரைக்கும் வந்தார்கள். ஈஸ்வரியையும் சேர்த்து ஏற்கெனவே போன இருபத்தேழு பேரைப் பற்றிக் கேட்டபோது, நோய் ஒட்டியிருந்தாலும் அங்கேயே மருந்து இருக்கிறதே என்றார் ஒருவர். அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் நாலு மணிக்கு நானே வண்டியை ஓட்டிக்கொண்டு காப்பு இல்லத்துக்குப் போனேன். இவர் வீட்டில் புதுச்செடியோடு மூன்று வாரமும் ஒன்பது நாளும் காவல் இருக்க வேண்டும். கேட்டில் இருந்த காவலாளி படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து, காருக்குள் எட்டிப் பார்த்தார். பின் சீட்டில் என் பை மட்டும் இருந்தது. யாரைக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். என்னைத்தான் என்றேன். அவர் மறுபடியும் பின் சீட்டைப் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. நாலு வருடமாக இந்தக் கேட்டில் நிற்கிறேன், தானாக வந்து யாரும் இறங்கினதில்லையே அம்மா என்றார்.

பெண்கள் பக்கத்தில் ஐந்தாவது அறை. நாலு கட்டில், ஒரு ஜன்னல். ஓரத்துக் கட்டிலில் ஒருத்தி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், இன்னொருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் கண் குழிந்து போயிருந்தது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, வேலைக்கு வரும்போது செய்கிற மாதிரியே என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, உங்களையுமா புடிச்சுக் குடுத்துட்டாங்க? கல்யாணத்த வெச்சுக்கிட்டு இப்பிடிப் பண்ணீருக்காங்களே. யாருங்கக்கா அந்தப் பாவி?"

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவளுக்கு நோய் இல்லை என்பதில் ஆரம்பித்து, கணக்கு எங்கே தப்பியது என்று விளக்கி, கடைசியில் மன்னிப்புக்கு வருவதாக ஏற்பாடு. வாயைத் திறந்ததும் அந்த வரிசை மாறிவிட்டது.

"நான்தான் ஈஸ்வரி. உன்னையும் நான்தான் எழுதிக் குடுத்தேன். நோய் எனக்குத்தான். உனக்கு ஒண்ணும் இல்ல, இங்க வர்ற வரைக்கும் இல்ல."

தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஈஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. அது நின்றது. என்னைத் திட்டுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று நின்றேன். மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம், மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம் என்று யாரிடமோ சொல்வது போல் சொன்னாள். பிறகு என் பையைக் கொண்டுபோய், மீதமிருந்த ஒரே கட்டிலின் மேல் வைத்தாள். அது அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.